சித்திரகாரப்புலியின் சீமை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். மேற்கே அண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் கோட்டைக் குன்றுகள், நடுவில் ஏரிகளும் மணிலாக் கொல்லைகளும். இந்த ஊரிலிருந்து கிழக்கே போனால் மண்டகப்பட்டு, தளவானூர், பனமலை. வடகிழக்கே தேசூர்ப் பக்கம் சீயமங்கலம். இன்னும் வடக்கே, காஞ்சிபுரத்தை ஒட்டி, மாமண்டூர். தமிழகத்து ஓவியத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல நினைக்கும் யாரும் இந்த ஊர்களைத் தொடாமல் போக முடியாது. அந்தக் கதையின் முதல் பெயரே, ஓவியத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத ஒருவனுடைய பெயர்தான்: பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன்.

ஏழாம் நூற்றாண்டின் முதற் பகுதியில் காஞ்சியிலிருந்து ஆண்டவன் அவன். வடக்கே சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியோடு ஓயாத பகை. நாட்டுக்குள்ளே சைவமும் சமணமும் மோதிக்கொண்ட காலம். திருநாவுக்கரசர் ஊர் ஊராகச் சென்று பண்ணோடு பாடிய காலம். போரும் ஆட்சியுமே ஓர் ஆயுளைத் தின்றுவிடப் போதும். ஆனால் இவன் விட்டுப்போன தடயங்களைப் பார்த்தால், ஓய்வு கிடைத்த போதெல்லாம் உளியும் தூரிகையும் யாழும் ஏடும் அவனைச் சுற்றியே இருந்திருக்கின்றன என்று தெரிகிறது.

பல்லாவரம் குகையிலும் திருச்சி மலைக்குகையிலும் அவனுடைய பட்டப்பெயர்கள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. விசித்திரசித்தன், குணபரன், மத்தவிலாசன், சத்ருமல்லன், சங்கீர்ணஜாதி என்று நீளும் அவன் பட்டங்களுள் ஒன்று சித்திரகாரப்புலி, அதாவது ஓவியர்களுள் புலி. வெற்றிகளைச் சொல்லும் பட்டங்களோடு ஓவியத்தையும் தாளத்தையும் சொல்லும் பட்டங்களைச் சேர்த்துக்கொண்ட அரசன் அவன்.

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் உள்ள மண்டகப்பட்டில் ஒரு சிறிய குகைக்கோயில். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இந்தக் கோயிலை எடுப்பித்தான் என்று அறிவிக்கிறது. அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்ற பட்டியலும் இதற்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. புதிய ஒன்றைச் செய்து பார்த்தவனின் மகிழ்ச்சி அந்த வரிகளில் இருக்கிறது.

சீயமங்கலம் குகைக்கோயிலும் அவன் குடைந்ததே. அவனிபாஜன பல்லவேசுவரம் என்று கல்வெட்டில் பெயர். முகப்பில் உள்ள அரைத்தூணின் மேற்பகுதியில், ஒரு சதுரத்துக்குள், ஆடும் சிவனைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்லில் கிடைத்திருக்கும் மிகப் பழைய நடராச வடிவங்களில் இதுவும் ஒன்று. ஆட்டத்துக்குத் தாளம் கொடுப்பவரையும் சிற்பி விட்டுவிடவில்லை. சோழர் காலத்து வெண்கல நடராசருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, இந்த வட்டாரத்துக் கல்லில் ஆட்டமும் வாத்தியமும் சேர்ந்து நின்றுவிட்டன.

மகேந்திரவர்மனின் மனத்தை நெருங்கிப் பார்க்கவேண்டுமானால் மாமண்டூருக்குப் போகவேண்டும். ஏரிக்கரையை ஒட்டிய குன்றில் நான்கு குகைகள். ஒன்றில் உள்ள நீண்ட கிரந்தக் கல்வெட்டு நீர் கசிந்து அரித்ததால் பெரிதும் சிதைந்துவிட்டது. மிஞ்சிய துண்டுகளில் அவன் எழுதிய ‘மத்தவிலாசம்’ என்ற அங்கத நாடகத்தின் பெயர் வருகிறது. ‘தட்சிணசித்திரம்’ என்ற ஓவிய நூலைப் பற்றிய குறிப்பு வருகிறது. அதற்கு அவன் உரை வகுத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இசையைப் பற்றிய பேச்சும் வருகிறது. நாடகம், ஓவியம், இசை மூன்றும் ஒரே கல்லில், ஒரே மனிதனின் ஈடுபாடுகளாக. அந்த ஓவிய நூல் நம் கைக்கு வரவில்லை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட கலைக்கிராமம் அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நாடகத்துக்கு மட்டும் நல்ல காலம். கேரளத்துச் சாக்கியார்கள் அதை மேடையில் உயிரோடு வைத்திருந்தார்கள். 1917இல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் த. கணபதி சாஸ்திரி அதை அச்சிட்டார். காஞ்சித் தெருவில் குடிபோதையில் திரியும் காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்தத் துறவியின் மேல் பழிபோடுகிறான். கடைசியில் பார்த்தால் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். தன் தலைநகரத்தையே இப்படிச் சிரிக்கச் சிரிக்க எழுதிய அரசன், ஓவியத்தைப் பற்றி என்ன எழுதியிருப்பான் என்ற ஏக்கம் மாமண்டூர்க் கல்லைப் பார்க்கும் எவருக்கும் வரும்.

அந்த ஏக்கம் ஆய்வாளர்களையும் விட்டுவைக்கவில்லை. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் ஓவியங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தபோது, அவை மகேந்திரவர்மன் காலத்தவை என்றே எழுதினார்கள். பிறகு அங்கேயே உள்ள தமிழ்க் கல்வெட்டைக் கூர்ந்து படித்ததில், ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்தது தெரிந்தது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டுக்கும் இதே கதைதான். ஏழு பகுதிகளாக, நான்கு நான்கு சுரங்களாகத் தொகுத்து வெட்டிய அந்தப் பாடத்தை, உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் செய்வித்தான் என்று முடிவில் இருக்கிறது. எழுத்தின் சாயலை வைத்து அவனும் மகேந்திரனே என்று முதலில் சொன்னார்கள். பின்வந்தவர்கள் அதை ஒப்பவில்லை. இந்த இரண்டையும் கழித்துவிட்டாலும் மாமண்டூரும் பட்டப்பெயர்களும் அவனுக்கு மிஞ்சுகின்றன. அவை போதும்.

அவன் காலத்து வண்ணம் நமக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. பல்லவ ஓவியனின் கையைப் பார்க்க அடுத்த நூற்றாண்டுக்கு, பனமலைக்கு வரவேண்டும்.

செஞ்சியைக் கடந்து அனந்தபுரம் பக்கம் போனால், ஏரியைப் பார்த்தபடி ஒரு சிறு குன்று. அதன் மேல் தாளகிரீசுவரர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. அதன் பக்கச் சன்னிதி ஒன்றின் சுவரில், இருட்டில், ஒரு பெண் நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடித்துப் பின்னால் ஊன்றி, தலையைச் சற்றே சாய்த்து, எதையோ ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடும் உருவம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பார்ப்பவளின் முகம் மட்டும் தங்கிவிட்டது. உமையின் கண்ணிமை, கழுத்து, தோள் எல்லாம் ஒரே மூச்சில் இழுத்த செந்நிறக் கோடுகள். எங்கும் தயக்கம் இல்லை. எத்தனை ஆயிரம் முறை இழுத்துப் பழகிய கையாக இருந்தால் இந்தக் கோடு விழும் என்று, தூரிகை பிடித்துப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும்.

அந்தக் கைக்குப் பின்னால் பெரிய உழைப்பு இருந்தது. கல்லின் மேல் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த கரடான பூச்சு. அதன் மேல் மெல்லிய, வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு. காவிமண்ணிலிருந்து சிவப்பும் மஞ்சளும், விளக்குப் புகையிலிருந்து கறுப்பு, சுண்ணாம்பிலிருந்து வெள்ளை, பச்சை மண்ணிலிருந்து பச்சை. ஈரச் சாந்தின் மேல் தீட்டினால், சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும்போது நிறத்தையும் தன்னோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்த பின் தீட்டினால் பிசின் வேண்டும். சென்னை அருங்காட்சியகத்தில் வேதியியலாளராக இருந்த எஸ். பரமசிவன் 1930களில் தஞ்சை, காஞ்சி, சித்தன்னவாசல் ஓவியங்களின் சாந்தையும் நிறங்களையும் ஆராய்ந்து, எது எந்த முறையில் தீட்டப்பட்டது என்று விரிவாக எழுதினார். அழியாத வண்ணத்தின் ரகசியத்தைத் தேடி அலையும் ஆயனச் சிற்பியைக் கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் படைத்ததும் ஏறக்குறைய இந்தக் காலத்தை ஒட்டித்தான்; 1944இல் அந்தத் தொடர் வெளிவரத் தொடங்கியது.

இந்த ஓவியங்களை உலகத்துக்குக் காட்டியவர்களும் தொழில்முறை ஓவியர்கள் அல்லர். புதுச்சேரியில் கல்லூரி ஆசிரியராக இருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய் (1885–1945) விடுமுறை நாட்களில் குகை குகையாக, குன்று குன்றாக அலைந்தார். பனமலை ஓவியத்தை வெளிக்கொணர்ந்தவர் அவரே. 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் ஓவியத் துண்டுகளை அவர் கண்டார். அதே ஆண்டில், அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டறிந்தார். சி. சிவராமமூர்த்தியோ (1909–1983) அருங்காட்சியக அறிஞர். தன் நூல்களுக்கான கோட்டுப் படங்களைத் தானே வரைந்தார். ஒரு கை முத்திரையை, ஒரு முடி அலங்காரத்தை வரைந்து பார்த்தவர் எழுதிய வரிகள் என்பதால்தான் அவருடைய விளக்கங்களில் அத்தனை நுட்பம்.

ஓவியத்தையும் இசையையும் சேர்த்துச் சுமந்த இன்னொருவர் எஸ். ராஜம் (1919–2010). வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934இல் வந்த ‘சீதா கல்யாணம்’ படத்தில் இராமனாக நடித்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். வானொலியில் இசைப் பணி செய்தவர். கோடீசுவர ஐயர் 72 மேளகர்த்தா ராகங்களிலும் இயற்றிய தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மேல்நாட்டு எண்ணெய் வண்ண முறை ஓங்கியிருந்த நாளில், அஜந்தாவையும் சித்தன்னவாசலையும் குருவாகக் கொண்டு கோடு போட்டார். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் இன்று நம் மனக்கண்ணில் எந்த முகத்தோடு வருகிறார்களோ, அந்த முகங்கள் பெரும்பாலும் ராஜம் கொடுத்தவை. ஏழு சுரங்களையும் நவக்கிரகக் கீர்த்தனைகளையும்கூட அவர் ஓவியமாக்கினார். பாடத் தெரிந்த கை வரைந்ததால் அவற்றுக்கு ஒரு நிதானமான நடை இருக்கிறது.

திருவண்ணாமலை வட்டாரத்துக் கிராமங்களில் நிறமும் பாட்டும் பிரிந்ததே இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது, பகலில் ஏர் பிடித்த அதே கை மாலையில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முகத்துக்கு அரிதாரம் பூசும். ஒப்பனை முடிந்ததும் அந்த முகமே விடிய விடியப் பாடும். செய்யாறு பக்கத்துப் புரிசையிலிருந்து கண்ணப்பத் தம்பிரான் இந்தக் கூத்தை நாடு முழுக்க அறியச் செய்தார். மகேந்திரனின் ஊர்களுக்கு நடுவே, கலையைத் தம் இன்னொரு பாதியாக வைத்துக்கொண்டவர்களின் வழி அறுபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்று பனமலை உமையைப் பார்க்கக் குன்று ஏறவேண்டியதில்லை. கைப்பேசியில் பெயரைத் தட்டினால் வந்துவிடுகிறாள். இது பெரிய வரம். வேலை முடிந்து இரவில் வரைய உட்காரும் ஒருவருக்கு, ராஜம் பாடிய கீர்த்தனையைக் கேட்டுக்கொண்டே பல்லவ ஓவியனின் கோட்டைப் பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது. ஆனால் இணையத்தில் உலவும் படங்களில் பல, நிறத்தைக் கூட்டி மெருகேற்றியவை. மங்கிய காவி அங்கே பளிச்சென்ற சிவப்பாகிவிடுகிறது. உதிர்ந்த இடங்களைக் கணினி தன் கற்பனையால் நிரப்பிவிடுகிறது. அதைப் பார்த்து வரைபவர் பல்லவக் கோட்டைக் கற்பதில்லை. மூலத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்தவருக்கே இந்த வேறுபாடு பிடிபடும்.

கீழ்பென்னாத்தூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாமல்லபுரத்தைவிடப் பனமலையும் சீயமங்கலமும் பக்கம். ஓவிய ஆசிரியர்கள் ஆண்டுதோறும் அவர்களை அங்கே அழைத்துப் போகலாம். சுவரைத் தொடாமல், ஃபிளாஷ் போடாமல், ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பென்சிலால் வரையச் சொல்லலாம். ஆண்டுக்கு ஒருமுறை அதே கோணத்தில் படமும் எடுத்துத் தேதியிட்டுச் சேர்த்துவைத்தால், எந்த மூலையில் ஈரம் ஏறுகிறது, எந்தக் கோடு மங்கிக்கொண்டு வருகிறது என்பதைத் தொல்லியல் துறையிடம் ஆதாரத்தோடு சொல்ல அந்த ஊர்க்காரர்களாலேயே முடியும்.