ஏரிக்கரையும் மண்ணின் பதமும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர் ஏரியும் ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியும் பூவிருந்தவல்லிக்கு அப்பாலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியும் மண்கரையால் நிற்பவை. இவற்றுள் செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இத்துணை நீரை மண் தாங்குவது எங்ஙனம் என்பது வரலாற்று மாணவரும் வினவத்தக்கதே.

கல்வெட்டுகள் தருவன பெரும்பாலும் ஆட்சிமுறைச் செய்திகள். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேர்ந்தமையைக் கூறுகின்றன. தொண்டைநாட்டுப் பிற கல்வெட்டுகள் சில, ஏரியில் குழிகுத்தி மண்ணைக் கரைமேல் இடுவதற்கு அறக்கட்டளை வைத்தமையை உணர்த்துகின்றன. இதனைத் தூரெடுத்தல் என்று கொண்டு அமைவது வழக்கம். அது போதாது.

களிமண் உலர்ந்திருப்பின் கட்டிகள் உடையா. இடையே வெற்றிடம் நிற்கும். பின்னர் நீர் அவ்வழியே புகுந்து கரையை அமிழ்த்தும். ஈரம் மிகுந்தாலோ, துளைகளில் நிறைந்த நீர் அழுத்தத்துக்கு இடங்கொடாது. மண் மிதிக்குந்தோறும் பிதுங்கும். இடைப்பட்ட ஓர் ஈர அளவிலேதான், அதே உழைப்புக்கு மண் மிக்க செறிவு எய்தும். இதனை லாஸ் ஏஞ்சல்ஸ் நகர நீர்த்துறைப் பொறியாளர் பிராக்டர் 1933-இல் அளந்து காட்டினார்.

அந்நிலைக்குத் தமிழில் பெயர் உண்டு: பதம். சோற்றுக்கும் பாகுக்கும் உழவுக்கும் வழங்கும் அச்சொல், மிகாது குறையாது தக்கதாய் நிற்றலைக் குறிப்பது. இன்றைய பொறியியல் நூல்களில் வரும் ஈரப்பதம் என்பதோ எந்த ஈர அளவுக்கும் பொது. பழம்பொருள் அதில் தேய்ந்துபோயிற்று, இரங்கத்தக்க தேய்வு.

ஏரிப்பணி நீர் வற்றிய கோடைக்கு உரியது. அப்போது படுகையின் மேல்மண் வெடித்துக் கிடக்கும். ஆழத்து மண்ணே ஈரம் தாங்கியிருக்கும். எனவே குழிகுத்துதல் என்பது, படுகையை மேலாகச் சுரண்டாது பதமான மண்ணைத் தேடி ஆழ அகழ்ந்ததையும் சுட்டலாம். இஃது என் கருத்தேயன்றிக் கல்வெட்டின் கூற்றன்று. மேல்வண்டலில் மட்கு மிகுதி. அது வயலுக்கு நன்று, கரைக்கு ஆகாது என்பதும் இக்கருத்துக்குத் துணையாம்.

எத்துணைச் செறித்தாலும் மண்கரை தன்மேல் நீர் வழிவதைப் பொறாது; வழியின் அரித்துடைந்துவிடும். 2015 டிசம்பர்த் தொடக்கத்துப் பெருமழையில் செம்பரம்பாக்கத்தினின்று அடையாற்றில் நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. கீழ்ப்பகுதி மூழ்கியது, கரை நின்றது.

அம்பத்தூர், ஆவடிப் பக்கங்களில் பாசனம் அருகிவிட்டமையால், கரைவேலை செய்த முதியோரின் வழக்குச்சொற்களைத் தொகுக்கும் பணியை முதுகலை மாணவர் விரைந்து மேற்கொள்ளல் வேண்டும்.