ஈயம் நீங்கிய பெற்றோலும் பழைய கார்களும்

காரைதீவினூடாகச் செல்லும் கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் போன்ற கார்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் 2002ஆம் ஆண்டு யூன் மாதத்தை விட்டுவிட்டு எழுதுதல் இயலாது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலின் விற்பனை அம்மாதத்துடன் முடிவுற்றது. 'இனிப் பழைய எஞ்சின் நிலைக்காது' என்ற அச்சம் கார்ச் சொந்தக்காரரிடையே எழுந்தது. அவ்வச்சம் பொய்யன்று, ஆயினும் அது கண்டது பாதியே.

1921 டிசெம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிட்ஜ்லி என்பார், பெற்றோலிற் சிறிதளவு ஈயச் சேர்வையைக் கலந்தால் எஞ்சினில் இடிப்பு நீங்குமெனக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. எதிர்பாராத இன்னொரு பயனும் அதனால் விளைந்தது. அப்பயனே நம் பழைய கார்களுக்கு உயிர்நிலையாயிற்று.

அதனைச் சற்று விரித்து நோக்குவோம். விபுலாநந்த அடிகளார் பிறந்த ஊர்க்காரன் கலைச்சொற்களை நாடுதல் வேண்டும். எனினும் 'வால்வு', 'சீற்' என்றே கராஜில் வழங்குவதால் அவற்றையே ஆள்கின்றேன். மொறிஸ் மைனரின் சிலிண்டர்த் தலை வார்ப்பிரும்பு. வால்வு வந்து அமரும் சீற், தனி வளையமாக அன்றி, அவ்வார்ப்பிரும்பிலேயே கடையப்பட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை சீற்றில் மோதுகின்றது. புகை வெளியேறும் வால்வோ கடுஞ்சூட்டிற் செந்நிறமாவது. எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு இவ்விரு உலோகங்களுக்கும் இடையே திரைபோல் நின்றது. அத்திரை அகலவே, சீற்றின் நுண்துகள்கள் வால்வுடன் ஒட்டிப் பெயர்கின்றன. சீற் தேய, வால்வு உள்ளே அமிழ்கின்றது. டப்பட் இடைவெளி குறுகி அற்றுப்போனால் வால்வு முற்றாக மூடாது. கசியும் வெப்பவாயு அதனை எரித்துவிடும்.

இத்தேய்வு நெடுந்தூரம் விரைந்தோடும் எஞ்சினிலேயே மிகும். நம் கரையோரமோ மேடுபள்ளமற்ற சமநிலம். ஊருக்கு ஊர் நின்று செல்லும் ஓட்டம். முன்னர் படிந்த ஈயமும் சிலகாலம் காவல் நின்றது. ஆகவே கார்கள் ஒரே நாளில் வீழ்ந்துவிடவில்லை. ஆனால், 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, நீண்ட பயணங்கள் மீண்டும் எளிதான அதே ஆண்டிலேயே ஈயமும் நீங்கியமை ஒரு விசித்திரமான பொருத்தமே. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளாற் கைவிட இயலாது பேணப்பட்ட ஆங்கிலக் கார்களையே இம்மாற்றம் தொட்டது. 1977இன் பின் பெருகிய யப்பானியக் கார்கள் பெரும்பாலும் இதற்கு ஈடுகொடுத்தன. யப்பான் 1975இலேயே சாதாரண பெற்றோலில் ஈயத்தைத் தவிர்த்திருந்தது.

பரிகாரமும் அரிதன்று. சிலிண்டர்த் தலையை இறக்கி, சீற்றைக் கடைந்து, கடினமான உருக்கு வளையம் பொருத்தினால் தொல்லை நீங்கும். அதற்குப் பணம் போதாதோர் டப்பட் இடைவெளியை அடிக்கடி அளந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டினால் நெடுங்காலம் சமாளிக்கலாம்.

அச்சம் காணாத பாதி யாது? 1924 ஒக்ரோபரில் நியூ ஜேர்சியில் இச்சேர்வையைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் நஞ்சேறி மாண்டனர். அம்மாத இறுதியில் மிட்ஜ்லி, பத்திரிகையாளர் முன் அத்திரவத்திலே தம் கைகளைக் கழுவிக் காட்டினார். முந்திய ஆண்டில் தாமே ஈயநஞ்சால் நோயுற்று ஓய்வெடுத்தவர் அவர்! நம் கராஜ்களில் எவரும் காட்சிக்காகக் கை கழுவவில்லை. கிறீஸ் போகவேண்டுமென்று நாள்தோறும் பெற்றோலிற் கழுவினர். குழாயை வாயில் வைத்துத் தாங்கியிலிருந்து பெற்றோல் உறிஞ்சிய பையன்களை யானும் கண்டதுண்டு. பெற்றோலில் அச்சேர்வையின் அளவு சிறிதே. எனினும் அது தோலூடாகவும் உட்புகவல்லது. சிறுவரின் மூளைக்கு ஈயம் இழைக்கும் கேட்டினை மருத்துவம் ஐயமற நிறுவியுள்ளது. சீற் தேயுமென்று முறையிட்ட கராஜ்காரர் தம் கைகளைப் பற்றி முறையிடவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்வார் இருக்கவில்லை.

உலகில் இறுதியாக அல்ஜீரியா 2021 யூலையில் இவ்விற்பனையை நிறுத்தியது. ஆயினும் 2002க்கு முன்னரே ஓட்டம் நின்று, கொட்டிலிற் கிடக்கும் காரின் சிலிண்டர்த் தலையைத் திறப்போர் அங்கே சாம்பல் நிறப் படிவைக் காணக்கூடும். அதனைக் கம்பித் தூரிகையாற் சுரண்டி வாயால் ஊதும் வழக்கம் இன்னும் உண்டு. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைச் சிறுவர் கைபடாது அகற்றுதல் வேண்டும்.