தறிக்கு மேலே சுற்றிய சங்கிலி

அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீட்டைக் கண்ணுக்கு முன்னால் காது கண்டுபிடித்துவிடும். உள்ளே தரையில் குழி, குழிக்குள் நெசவாளியின் கால், காலடியில் மிதி. பக்கத்துத் திண்டில் ஒரு கைபேசி கிடக்கும். வியாபாரியின் சேலைப் பட்டியல் அதில் பாதி திறந்தபடி இருக்கும். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. விசேஷம் தலைக்கு மேலே இருக்கிறது.

மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து நூலால் கோத்த அட்டைகள் மாலை மாலையாகத் தொங்குகின்றன. மிதியை அழுத்தியதும் நான்கு முக உருளை கால் சுற்றுத் திரும்பி, ஓர் அட்டையை ஊசிகளின் முகத்தில் கொண்டுபோய் வைக்கிறது. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்துகொள்ள, அதன் கொக்கி பாவின் இழையைத் தூக்குகிறது. துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னே தள்ளப்பட, அந்த இழை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. நாடா ஓடுகிறது, ஒரு ஊடை விழுகிறது. மறுபடி மிதி, அடுத்த அட்டை. 120 கொக்கிப் பெட்டியானாலும் 240 கொக்கிப் பெட்டியானாலும் கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டியிருப்பதால் சங்கிலிக்கு முடிவு கிடையாது. இது எத்தனையாவது அட்டை என்று நெசவாளி எண்ணிக்கொண்டிருப்பதில்லை. வரிசை தப்பாமல் ஒவ்வொன்றாக எடுப்பது பெட்டியின் பொறுப்பு. எடுத்ததும் என்ன செய்வது என்பது அட்டையின் பொறுப்பு. இந்த இரண்டு வேலையையும் முதன்முதலில் பிரித்து வைத்தவர் நெசவாளி வீட்டில் பிறந்தவர் அல்ல.

பிரான்ஸ் நாட்டின் லியோன், பட்டுக்குப் பேர்போன ஊர். அங்கே பூவேலைப் பட்டு நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்வார், இன்னொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், எந்த ஊடைக்கு எந்த இழை என்று பார்த்து இழுத்துக் கொடுப்பான். ஓர் இழை தப்பினால் பூ கோணிக்கொள்ளும். ஆர்கன் என்னும் இசைக்கருவி செய்பவரின் மகன் பசீல் பூஷோன். 1725இல் அவர், எந்த இழையைத் தூக்குவது என்பதைத் துளையிட்ட காகிதச் சுருளிலேயே எழுதிவைத்தார். 1728இல் அவருடைய உதவியாளர் ஃபால்கோன் காகிதத்தை விட்டுவிட்டு அட்டைகளைக் கோத்தார். அப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டியிருந்தது. இயந்திர வாத்து செய்து ஐரோப்பாவையே வாய் பிளக்க வைத்த வோகான்சோன், 1745 வாக்கில் மொத்தப் பொறியையும் தறியின் தலைமேல் ஏற்றி அந்த ஆளையும் தேவையில்லாமல் செய்தார். ஆனால் அந்தத் தறியைச் சீந்துவார் இல்லை. பாரிஸ் கிடங்கொன்றில் அது தூசி படிந்து தூங்கிப்போனது.

தட்டி எழுப்பியவர் லியோன் நெசவாளி மகன் ஜோசப் மரி ஜக்கார். வலை பின்னும் பொறி ஒன்றைச் செய்ததால் பாரிஸுக்கு அழைக்கப்பட்டவர், அங்கே சிதைந்து கிடந்த வோகான்சோன் தறியைக் கண்டார். பூஷோனின் துளை, ஃபால்கோனின் அட்டை, வோகான்சோனின் தலைமேல் பொறி மூன்றும் 1804இல் அவர் கையில் ஒன்றுசேர்ந்தன. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று லியோன் நெசவாளிகள் கொதித்தார்கள். கொதிப்பையும் மீறி 1812க்குள் பிரான்ஸில் சுமார் 11,000 ஜக்கார்டு தறிகள் ஓடின. 1839இல் ஜக்காரின் உருவப்படத்தையே அந்தத் தறியில் பட்டாக நெய்தார்கள். அதற்குச் செலவான அட்டைகள் சுமார் 24,000. அந்தப் படங்களில் ஒன்று லண்டனில், துணிக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவர் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். எந்தக் கணக்கையும் போடவல்ல பொறி ஒன்றை அவர் கற்பனையில் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குக் கட்டளை கொடுக்க 1836இலேயே ஜக்கார்டு அட்டைகளைத் தேர்ந்திருந்தார். ஆனால் தறியில் அட்டைகள் ஒரே போக்கில் சுற்றும். கணக்குக்கு அது போதாது; விடை வரும்வரை அதே நாலு அட்டையைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். சங்கிலியைப் பின்னோக்கித் திருப்பும் வழியை பாபேஜ் சேர்த்தார். 1843இல் அடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகளில் இந்தச் சுழற்சி, சுழற்சிக்குள் சுழற்சியாக விரிந்தது. ஒன்பது ஆண்டுகளில், 36 வயதில், அடா மறைந்தார். 1871இல் பாபேஜும் போனார். பொறி கட்டப்படவே இல்லை. அட்டை மட்டும் வேறு வேலைக்குப் போனது: 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் பொறிகளுக்குள் நுழைந்து, அங்கிருந்து ஐ.பி.எம். நிறுவனத்தின் வாழ்வாதாரமாகி, கடைசியில் கணினிக்குள் வந்து விழுந்தது. வந்தபோது ஒன்றைத் தொலைத்துவிட்டே வந்தது.

தொலைந்தது, தறியில் இருந்த அந்த வேலைப் பிரிவினை. 1957இல் ஜான் பேக்கஸ் தலைமையில் ஐ.பி.எம். குழு வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில் சுழற்சிக்கு ஒரு கட்டளை இருந்தது. அதில் எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, இப்போது எத்தனையாவது என்பதையெல்லாம் நிரல் எழுதுபவரே சொல்ல வேண்டும். சாயப்பட்டறையில் நூறு கழி நூலுக்கும் நீலம் தோய்க்கச் சொல்வதற்குப் பதிலாக, ஒன்றாம் கழியை எடு, தோய், வை, எண்ணைக் கூட்டு, நூறு ஆகிவிட்டதா பார், இல்லையென்றால் மேலே போ என்று ஓதுவதற்குச் சமம் அது. எண்ணிக்கை ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கணக்கு கந்தல். அன்று அதுதான் பெரிய விடுதலை என்று உலகம் நினைத்தது. மறு ஆண்டே ஒரு பள்ளிக்கூடக் கணக்கு குறுக்கே வந்து நின்றது.

1958 கோடையில் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி ஐ.பி.எம். நிறுவனத்துக்கு விருந்தாளியாகப் போயிருந்தார். எண்களை அல்ல, இயற்கணிதக் கோவைகளைக் கணினி வகையிட முடியுமா என்று பார்ப்பது அவர் எடுத்துக்கொண்ட வேலை. பல உறுப்புகளின் கூட்டலை வகையிட, ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே வகையிட்டுக் கூட்டினால் போதும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். உறுப்புகள் மூன்றா முப்பதா என்று முன்கூட்டித் தெரியாதபோது அதை எப்படி எழுதுவது? மெக்கார்த்தி எண்ணுவதையே விட்டுவிட்டார். பட்டியலையும் கொடுத்து, செய்ய வேண்டிய வேலையையும் கொடுத்துவிட்டால், ஒவ்வொன்றுக்கும் அந்த வேலையைச் செய்து புதிய பட்டியலைத் திருப்பித் தரும் ஒரு சார்பை எழுதினார். அதற்கு மேப்லிஸ்ட் என்று பெயர் வைத்தார். எண்களைக் கையில் கொடுக்கலாம். வேலையை எப்படிக் கையில் கொடுப்பது?

அலோன்சோ சர்ச் என்ற தருக்கவியலாளர் 1941இல் வெளியிட்ட நூலில், பெயரே இல்லாத ஒரு சார்பைத் தாளில் எழுதிக்காட்டும் குறியீடு இருந்தது. லாம்டா என்ற கிரேக்க எழுத்தில் தொடங்கும். மெக்கார்த்தி அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்தப் புத்தகத்தின் மற்றப் பகுதி தனக்குப் புரியவில்லை என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அரைகுறையாகப் படித்த ஒரு புத்தகத்திலிருந்து இவ்வளவு பெரிய விஷயம் கிளம்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புத்தான். இப்படித்தான் லிஸ்ப் மொழி பிறந்தது. அதையும் மெக்கார்த்தி முதலில் தாளில்தான் வைத்திருந்தார். அவரோடு வேலை செய்த ஸ்டீவ் ரஸ்ஸல், தாளில் இருந்த இலக்கணத்தையே கணினியில் ஏற்றி ஓட்டிவிடலாம் என்றார். ஏட்டையும் நடைமுறையையும் குழப்பிக்கொள்கிறாய் என்று மெக்கார்த்தி மறுத்தார். ரஸ்ஸல் கேட்கவில்லை, ஏற்றினார், ஓடியது. ஆனால் படிக்காமல் விட்ட பக்கங்கள் சும்மா இருக்கவில்லை.

ஜேம்ஸ் ஸ்லேகிள் என்ற ஆய்வாளர் எழுதிய நிரல் தப்பான விடை தந்தது. வேலையைப் பொட்டலம் கட்டி வேறிடத்துக்கு அனுப்பும்போது அதற்குள் சில பெயர்களும் போகின்றன. அருப்புக்கோட்டை முத்துவை நினைத்து எழுதிய சீட்டு, திருச்சுழியில் பிரித்ததும் அந்த ஊர் முத்துவின் கையில் சேர்ந்தால் எப்படியோ அப்படி ஆகிவிட்டது. சின்னப் பிழை, ரஸ்ஸல் சரிசெய்துவிடுவார் என்று மெக்கார்த்தி நினைத்தார். ரஸ்ஸலும் ஒரு ஒட்டுப் போட்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். எழுதப்பட்ட ஊரின் முத்துவே எங்கும் செல்லுபடி ஆவார் என்பதை லிஸ்ப் குடும்பத்தில் ஸ்கீம் மொழி அடிப்படை விதியாக்க 1975 ஆனது.

இதற்கிடையே வேறொரு மூலையில் இன்னொரு வேலைக்கு எழுத்துருவம் கிடைத்தது. திருச்சுழி பக்கத்துக் கரிசலில் மானாவாரி மல்லி களத்துக்கு வந்தபின் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அது புதிதாக இராது. கொத்துமல்லி விதையைச் சொளகில் புடைத்துப் பதரை விலக்குவார்கள். பிறகு ஒருவர் மரக்காலால் அளந்துகொண்டே ஒன்று என்பதற்குப் பதிலாக ‘லாபம்’ என்று தொடங்கி, ரெண்டு, மூணு என்று உரக்கச் சொல்லிப்போவார். அவர் வாயில் எப்போதும் இருப்பது ஒரே ஓர் எண். அதுவரை அளந்தது அத்தனையும் அந்த ஒன்றுக்குள் அடக்கம். அம்பாரம் தீர்ந்ததும் வாயில் நிற்பதுதான் விடை. கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் 1962இல் வெளியிட்ட நூலில் இதை ஒற்றைச் சாய்கோட்டில் எழுதிவிட்டார். கூட்டல் குறியை அடுத்து ஒரு சாய்கோடு இட்டால் வரிசை முழுதும் கூட்டலாகச் சுருங்கும். பெருக்கல் குறியை இட்டால் பெருக்கலாகச் சுருங்கும். அதை அவர் சுருக்கம் என்ற பொருளில் ரிடக்‌ஷன் என்றார். புடைக்கிற வேலைக்கும் தனிப் பெயர் தேவைப்பட்டது. 1970களில் ஸெராக்ஸ் ஆய்வகத்தில் உருவான ஸ்மால்டாக் மொழியில் தேர்ந்தெடு, விலக்கு, திரட்டு என்று தொகுப்புகளிடமே சொல்ல முடிந்தது. இத்தனை இருந்தும் பெரும்பாலான நிரலர்கள் ஃபோர்ட்ரான் வழியிலேயே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்த வழி போதாது என்று எழுந்து சொன்னவர், யாரும் எதிர்பாராத ஆள்.

1977இல் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது ஜான் பேக்கஸுக்குக் கிடைத்தது. ஃபோர்ட்ரானைத் தந்தவர், ஏற்புரையில் ஃபோர்ட்ரான் வம்சத்தையே கேள்விக்கு உட்படுத்தினார். நினைவகத்திலிருந்து ஒரு சமயத்துக்கு ஒரு சொல்லை எடுத்து வைத்து எடுத்து வைத்து நம் சிந்தனையும் அப்படியே குறுகிவிட்டது, முழுத் தொகுப்பையும் ஒன்றாகக் கையாள வேண்டும் என்று வாதாடினார். எல்லாவற்றுக்கும் பொருத்து, இடையில் செருகிச் சுருக்கு என்ற இரண்டும் அவர் முன்வைத்த முறையில் முக்கியக் கருவிகள். தான் கட்டிய கோட்டையின் மதிலைத் தானே தட்டிப் பார்த்து ஓட்டையைக் காட்டிய அந்த நேர்மைக்கு ஈடாக ஒன்றை இந்தத் துறையில் நான் அறியேன். மேடையில் கைதட்டல் விழுந்தது. தொழிற்சாலைகளில் பழைய பாடமே தொடர்ந்தது.

அப்புறம் வந்தது ஓர் ஓசியான வரவு. 1991இல் முதல் பதிப்பு கண்ட பைத்தான் மொழிக்குள், பொருத்தும், புடைக்கும், சுருக்கும் இந்த மூன்று சார்புகளும் எப்படி நுழைந்தன என்பதை அதன் கர்த்தா கைடோ வான் ரோசம் பின்னாளில் நினைவுகூர்ந்தார்: லிஸ்ப் பழகிய யாரோ ஒருவர், அவை இல்லாத குறை தாங்காமல், தாமே எழுதி அனுப்பிவைத்தார். கைடோவுக்கு அவற்றில் பிரியமில்லை. 2005இல் அத்தனையையும் நீக்கிவிடும் எண்ணத்தை வெளியிட்டார். 2008இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது இரண்டு தப்பின. சுருக்கும் சார்பு மட்டும் முற்றத்திலிருந்து பின்கட்டுக்குக் குடிபெயர்ந்தது. ஒரு மொழியில் இப்படி வெளியேற்றப் பேச்சு நடந்த அதே ஆண்டுகளில், அவை உலகின் ஆகப்பெரிய குவியலை அள்ளிக்கொண்டிருந்தன.

குவியல், இணையப் பக்கங்கள். கூகுளில் ஜெஃப் டீன், சஞ்சய் கெமாவத் இருவருக்கும் முன்னால் இருந்தது ஆயிரக்கணக்கான மலிவுக் கணினிகள். அதில் ஏதாவது ஒன்று எப்போதும் பழுதாகும். நூறு கழிக்குத் தனித்தனியே சாயம் தோய்ப்பதென்றால் நூறு தொட்டியில் ஒரே நேரத்தில் தோய்க்கலாம். ஒரு தொட்டி உடைந்தால் அந்தக் கழியை மட்டும் வேறு தொட்டியில் போட்டால் போயிற்று. எண்ணிக்கொண்டே போகும் சுழற்சியை அப்படிப் பங்கிடுவது எளிதல்ல. மெக்கார்த்தியின் பட்டியல் வேலையைப் பங்கிடலாம். 2003 பிப்ரவரியில் முதல் வடிவத்தை எழுதி, 2004 டிசம்பரில் கட்டுரையாக வெளியிட்டார்கள். லிஸ்ப்பிலிருந்து வந்த தூண்டுதல் இது என்று அதிலேயே சொல்லி, மேப்ரெட்யூஸ் என்று பெயரிட்டார்கள். கட்டுரையைப் படித்த டக் கட்டிங், மைக் கஃபரெல்லா இருவரும் அதையே எல்லோரும் எடுத்தாளும்படி எழுதினார்கள்; 2006இல் அதற்குக் கிடைத்த ஹடூப் என்ற பெயர், கட்டிங்கின் மகன் தன் பொம்மை யானைக்கு வைத்த பெயர். 2009 டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தர வரையறையில் மூன்று சார்புகளும் ஏறின. 2014 மார்ச்சில் ஜாவாவும் சேர்த்துக்கொண்டது. அதோடு அவை போய்ச் சேராத ஊர் இல்லை.

அருப்புக்கோட்டைத் தறிக்குழியின் திண்டில் பாதி திறந்து கிடந்த அந்தக் கைபேசி வரை வந்துவிட்டன. இரண்டாயிரம் ரூபாய்க்குக் குறைந்த சேலை மட்டும் போதும் என்று விரல் தட்டும்போது புடைப்பது ஃபில்டர். மிஞ்சிய ஒவ்வொன்றின் விலையிலும் தள்ளுபடியைக் கழித்து எழுதுவது மேப். எடுத்தவற்றின் விலையெல்லாம் சேர்ந்து கீழே ஒரே தொகையாக வந்து நிற்பது ரெட்யூஸ், லாபத்தில் தொடங்கிய அதே அளவை.

அட்டைச் சங்கிலிக்குமே அந்த மேப் வேலை திரும்பி வந்துவிட்டது. முன்பு கட்டத்தாளில் பூவை வரைந்து, கட்டம் கட்டமாகப் பார்த்து, அட்டையில் துளை குத்துவார்கள். இப்போது பல ஊர்களில் பூவைக் கணினியில் வரைகிறார்கள். அது கட்டங்களை வரிசையாக எடுத்து, நிறம் இருந்தால் துளை, இல்லாவிட்டால் வெறுமை என்று மாற்றிக்கொண்டே போகிறது. குத்திய அட்டைகளைக் கோத்து, கடைசி அட்டையை முதல் அட்டையோடு கட்டி, பெட்டியில் மாட்டுகிறார்கள். நெசவாளி குழிக்குள் இறங்கி மிதியை அழுத்துகிறார்.