தண்டவாளம் போன என்ஜின்கள்

ரெட்டிபாளையத்திலிருந்து ரயில் பிடிக்க அரியலூர் போகணும். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஸ்டேஷன் சேர்ந்தால், விழுப்புரம்–திருச்சி கார்டு லைனில் இன்று ஓடுவதெல்லாம் அகலப்பாதை வண்டிகள். 1956 நவம்பர் 23 அதிகாலை, மருதையாற்றுப் பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது இங்கே இருந்தது மீட்டர்கேஜ். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ராஜினாமாவை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். மக்கள் உட்கார்ந்திருந்த பெட்டி, அதன் ஜன்னல், பலகை, வாசல் அகலம் எப்படி இருந்தது என்று கேட்டால் தாத்தா பாட்டிகளிடம்தான் போகணும்.

ஓலைச்சுவடியை ஸ்கேன் பண்ணலாம். ரயில் வண்டியைக் காப்பாற்ற அதன் தண்டவாளமும் வேணும். 1992-ல் தொடங்கிய யூனிகேஜ் திட்டம் நாட்டின் மீட்டர்கேஜைக் கிட்டத்தட்ட முழுக்க அகலமாக்கியது. பயணிகளுக்கு நல்லதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 1000 மி.மீ இடைவெளிச் சக்கரம் 1676 மி.மீ பாதையில் ஏறாது. ஆபரேட்டிங் சிஸ்டம் போனபின் தங்கிவிட்ட புரோகிராம் மாதிரி, பழுதே இல்லாமல் செத்துப்போன வண்டிகள் அவை.

வேல்ஸில் டாலிலின் என்ற சின்ன ரயில்பாதை மூடப்படும் நிலைக்கு வந்தபோது, 1951-ல் தன்னார்வலர்களே அதை எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். அதன்பின் பிரிட்டன் முழுக்க அப்படிச் சங்கங்கள் வந்தன. அங்கும் லேசான காரியமில்லை. பத்தாண்டுக்கு ஒருமுறை கொதிகலனைப் பிரித்துச் சோதிக்கணும், அதற்குப் பெரிய பணம் வேணும், ஸ்பானர் பிடித்த கைகளுக்கோ வயதாகிக்கொண்டே போகிறது. நம்மூரில் ரயில் ஆர்வலருக்கு ஸ்பானரே கிடைக்காது. வண்டி ரயில்வேயின் சொத்து. அதனால் பெரும்பாலும் என்ஜினை ஸ்டேஷன் வாசலில் மேடை கட்டி நிறுத்தி, பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த விழாவுக்கு அதன் மேலேயே இன்னொரு பூச்சு. கொதிகலனைச் சுற்றிய தகரத்துக்குள் மழைநீர் தங்கி, வெளியே பளபளக்கும்போதே உள்ளே துரு தின்னும். மரப்பெட்டி என்றால் கரையான். பித்தளைச் சாமான்களுக்குக் கால் முளைத்துவிடும்.

ஆனாலும் மீட்க முடியும். லீட்ஸில் 1855-ல் கிட்சன் கம்பெனி செய்த இ.ஐ.ஆர். 21 என்ஜின், நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக நின்றது. 2010-ல் பெரம்பூர் லோகோ பணிமனை அதை மறுபடி ஓடவைத்தது.

இன்னொன்று பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இடம்பெயர்ந்த பணிமனை. ஊட்டி மலை ரயிலின் எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜின்கள் முதலில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. அவை தேய்ந்தபோது, 2011 தொடங்கி எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் என்ஜின்களைப் பொன்மலைத் தொழிலாளர்களே கட்டினார்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. "இது ஒரிஜினல் இல்லையே" என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அந்தப் புது என்ஜின்தான் பெரிய புதையல். டீசலும் மின்சாரமும் ஆண்ட இத்தனை வருஷத்துக்குப் பிறகும், கொதிகலன் கட்டத் தெரிந்த கைகள் திருச்சியில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி.

அந்தக் கைகளுக்கும் ஓய்வு வயது உண்டு. ரிவெட்டை எவ்வளவு பழுக்கவிட்டு அடிக்கணும், குழாய் கசிவதை எந்தச் சத்தத்தில் கண்டுபிடிக்கணும் என்பதெல்லாம் வரைபடத்தில் வராது. என்ஜினைத் தொட நமக்கு அனுமதி இல்லை, சரி. ஓய்வுபெற்ற ஃபிட்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் ரெக்கார்ட் பண்ண யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம். அரியலூரிலிருந்து பொன்மலை இதே கார்டு லைனில்தான் இருக்கிறது.