பட்டான் கல்

ஆநிரை காக்கும் சண்டையிலோ, ஊரழிவைத் தடுக்கும் போரிலோ, கொடிய விலங்கோடு பொருதோ உயிர்விட்டவனுக்காக நடப்படும் நினைவுக்கல்லை இலக்கியங்கள் நடுகல் என்கின்றன. கல்வெட்டுகளோ, இறந்துபட்டான் என்னும் பொருளில் ‘பட்டான்’ என்று எழுதி, அதனைப் ‘பட்டான் கல்’ என்றே குறிக்கின்றன. தமிழகத்தில் இறந்தோரை நினைவுகூரும் மரபுகள் பலவாயினும், அரசனோ வள்ளலோ அல்லாத ஒரு மனிதனின் பெயரும் அவன் இறந்த காரணமும் அவன் ஊரும் ஒருங்கே எழுதி வைக்கப்பட்ட மரபு இதனைப் போல வேறொன்றில்லை. அதனாலேயே இதன் வரலாறு தனித்துப் பேசத் தக்கது.

இம்மரபுக்கு முந்தைய நிலையைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் காணலாம். இறந்தவரின் உடலையோ எலும்புகளையோ பெரிய மண்பானைக்குள் இட்டுப் புதைக்கும் முதுமக்கள் தாழி, கற்பலகைகளை நான்கு புறமும் நிறுத்தி மூடும் கல்லறை, புதைத்த இடத்தைக் காட்ட ஆளுயரத்தையும் விஞ்சி நிறுத்தப்படும் நெடுங்கல் எனப் பல வடிவங்கள் இருந்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோரும், அந்நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அலெக்சாண்டர் ரீயும் நடத்திய அகழாய்வுகளில் தாழிகளோடு இரும்புக் கருவிகளும் வெண்கலப் பொருள்களும் பொன்னாலான நெற்றிப்பட்டங்களும் வெளிப்பட்டன. இறந்தவர் மீது வாழ்ந்தவர் கொண்டிருந்த பரிவை அப்பொருள்கள் ஐயமறக் காட்டுகின்றன என்றாலும், உள்ளே கிடப்பவர் யார் என்பதைத் தாழியும் நெடுங்கல்லும் சொல்வதில்லை. அவரை அறிந்த தலைமுறை மறைந்ததும் அவர் பெயரும் மறைந்தது.

பெயர் கல்லில் ஏறிய தொடக்க நிலையைத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டறியப்பட்ட மூன்று கற்கள் காட்டுகின்றன. தமிழின் மிகப் பழைய எழுத்து வடிவமான தமிழி என்னும் தமிழ்ப் பிராமியில் பொறிக்கப்பட்ட இவற்றின் காலத்தை வரையறுப்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், கி.மு. நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என்பதைப் பலரும் ஏற்கின்றனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்தவன் என்பவனுக்காக நாட்டப்பட்டது. ஆகோள் என்பது பகைவரின் மாட்டு மந்தையைக் கவர்ந்து வருதல். மாடு என்னும் சொல்லே செல்வத்தையும் குறித்த சமூகத்தில் மந்தையைக் கவர்வதும் மீட்பதும் போரின் முதற்படியாக இருந்தன. இலக்கண நூலில் துறையின் பெயராக மட்டும் அறியப்பட்ட அச்சொல் உண்மையில் இறந்த ஒருவனின் பெயரருகே கல்லில் கிடைத்தது, தமிழ்க் கல்வெட்டியல் கண்ட பெரும்பேறுகளுள் ஒன்றாகும்.

கல் நடுதல் ஒரு நாளில் முடியும் செயலன்று. தொல்காப்பியப் புறத்திணையியல் அதனை ஆறு படிகளாகப் பகுக்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது காட்சி, கண்ட கல்லைக் கொள்ளும் சடங்கைத் தொடங்குவது கால்கோள், கல்லை நீரில் இட்டுத் தூய்மை செய்வது நீர்ப்படை, அதன்பின் நடுதல், நட்ட கல்லுக்கு உணவும் கள்ளும் பிறவும் மிகுதியாகப் படைப்பது பெரும்படை, இறுதியில் அதனை வாழ்த்துதல். உரையாசிரியர்கள் இவற்றுக்குப் பொருள் கொள்வதில் சிறிது வேறுபட்டாலும், மலையில் கிடந்த வெறுங்கல் படிப்படியாக இறந்தவனாகவே ஆகிவிடும் முறைமை இவ்வரிசையில் தெளிவாகத் தெரிகிறது. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டம் தன் காதைகளுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், வாழ்த்து என இப்படிகளின் பெயர்களையே சூட்டியிருப்பதும், கண்ணகிக்கான கல் இமயத்தில் எடுக்கப்பட்டுக் கங்கையில் நீராட்டப்பட்டதாகச் சொல்வதும், வீரனுக்குரிய சடங்கை ஒரு பெண்ணுக்கு உரியதாக்கிய காப்பியத்தின் துணிவைக் காட்டுகின்றன. போரில் இறவாதவருக்கும் கல் நடப்பட்டது என்பதற்கு, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழன் நடுகல்லானதைப் பேசும் புறநானூற்றுப் பாடல்கள் சான்றாகும். செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாகப் பொறிக்கப்பட்ட நிசீதிகை, அதாவது சமணத் துறவியரின் நோன்பிறப்பைக் குறிக்கும் இடம், வேறொரு சமயத்திலிருந்து இம்மரபின் அருகே வந்து நிற்கிறது.

எழுத்தும் உருவமும் சேர்ந்த நடுகற்கள் செறிந்து கிடைப்பது செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில்தான். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் தொகுதி அவற்றை அறிஞர் உலகத்தின் முன் வைத்தது. பல்லவர் காலத்தைச் சேர்ந்த இக்கற்களில் பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை. வீரன் ஒரு கையில் வில்லோ கேடயமோ, மறு கையில் வாளோ ஏந்தி, காலைப் பெயர்த்து முன்னேறும் நிலையில் செதுக்கப்பட்டிருப்பான்; சில கற்களில் அவன் உடலில் அம்புகள் தைத்திருக்கும்; காலருகே சிமிழும் கெண்டியும் காணப்படும். வாசகமோ மிகச் சுருக்கமானது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும், அடுத்துத் தலைவனின் பெயர், பின்னர் இறந்தவன் பெயர், தொறு எனப்படும் மாட்டு மந்தையை மீட்டபோது பட்டான் என்பது போன்ற காரணம், இறுதியில் ‘கல்’ என்னும் ஒரு சொல். மாமன்னன் இங்கே காலத்தைக் கணிக்க உதவும் அடையாளமாக மட்டும் வருகிறான். கல் அவனுக்கு உரியதன்று. கோயில் கல்வெட்டுகளில் பக்கம் பக்கமாக அரசர் புகழ் படிப்பவர்க்கு இந்த முறைமாற்றத்தின் அருமை விளங்கும்.

மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்த எடுத்தனூர் நடுகல் இவ்வகையில் ஈடற்றது. எருமைகளைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்காக எழுப்பப்பட்ட அக்கல்லில் வீரனின் பின்னே ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனி வாசகம் கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த எத்தனையோ அதிகாரிகளின் பெயர் இன்று தெரியாதிருக்க, ஒரு நாயின் பெயரும் அது செய்த செயலும் எஞ்சியிருக்கின்றன. இதுபோலவே விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலும் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள இந்தளூரிலும் ஊர்ச் சேரிகளின் சார்பில் போரிட்ட சேவல்களுக்குக் கல் நடப்பட்டுள்ளது. இந்தளூர்ச் சேவல் பொற்கொற்றி என்று பெயரும் பெற்றிருந்தது. காத்து நின்றவரையும் ஊரின் மானத்துக்காகப் பொருதவரையும் மதிப்பதில் மனிதன், விலங்கு என்னும் எல்லையை அக்காலத்து ஊரார் பாராட்டவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கல்லோடு கடமை முடிந்துவிடவுமில்லை. இறந்தவனின் குடும்பத்துக்கு அளிக்கப்பட்ட நிலம் உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்ப்பட்டி என்றும் வழங்கியது. நெய்த்தோர் என்பதும் குருதியே. கொங்குப் பகுதியில் புலியோடு பொருது இறந்தவனுக்கு எடுத்த புலிகுத்திக்கல், பயிரழித்த காட்டுப்பன்றியோடு மோதியவனுக்கு எடுத்த பன்றிகுத்திக்கல் ஆகியன பிற்காலம் வரை தொடர்ந்தன. கணவனோடு உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு எழுப்பப்பட்ட சதிக்கல்லும் இவ்வரிசையில் வைத்து எண்ணப்படுகிறது. ஆனால் அதிலுள்ள பெண் தானே விரும்பி இறந்தாளா என்பதைக் கல் எங்கும் சொல்வதில்லை என்பதை நினைவில் கொள்ளாமல் அதனை வீரத்தின் சின்னமாக மட்டும் போற்றுவது பிழையாகும். சோழர் காலத்தில் அரச குடும்பத்தாருக்கு, அவர்களைப் பள்ளிப்படுத்த இடத்தில் பள்ளிப்படை என்னும் கோயில் எழுந்தது. அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் மேற்பாடியில் எடுப்பித்ததும், பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் இராசேந்திரன் பழையாறைப் பகுதியில் எடுப்பித்ததும் அத்தகையவை. அங்கே இறந்தவரின் பெயர் இறைவனின் பெயருக்குள் அடங்கிவிட, நடுகல்லிலோ இறந்தவனே தெய்வமானான்.

அவ்வாறு தெய்வமானவன் இன்றும் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை வட்டாரங்களில் வேடியப்பன் என்னும் பெயரில் பொங்கலும் படையலும் பெறுகிறான். நடுகல் நட்ட ஊரார் தம் மனிதனைத் தெரிந்து வணங்கினர்; அவர்களின் பின்னோர் எழுத்தறியாமலே, பெயர் மாறியும் வணக்கத்தைக் கைவிடவில்லை. பல சமூகங்களில் இறந்தவருக்குக் கருமாதி நாளில் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ கல் நிறுத்தி, நீரும் எண்ணெயும் வார்த்துப் படையலிடும் வழக்கத்திலும் நீர்ப்படை, நடுதல், பெரும்படை என்னும் பழைய படிகளின் சாயல் தென்படுகிறது. வேடியப்பன் கற்களின் மீது தலைமுறைகளாகப் பூசப்பட்ட எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் எழுத்துகளின் பள்ளங்களை நிரப்பிவிடுகின்றன. கல்வெட்டு ஆய்வாளர் படியெடுக்க வரும்போது முதலில் கல்லை நீர்விட்டுத் தேய்த்துக் கழுவுகின்றனர்; ஈரத்தாளை அதன்மேல் விரித்துத் தூரிகையால் அடித்துப் படியவைத்து, மை ஒற்றுகின்றனர். தாள் உலரும்போது, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக வேடியப்பனாக நின்றவனின் சொந்தப் பெயர் கறுப்புத் தாளில் வெள்ளெழுத்தாகத் தெரியத் தொடங்குகிறது.