0/2: கவாஸ்கரின் 30வது சதம் எந்தக் கணக்கில் சேரும்?

கிரிக்கெட் வரலாற்றிலேயே தலைசிறந்த ஓப்பனர் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு வேறு எந்த வேலையும் நடக்காது. போன வாரம் தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரும் மாலை ரயிலில் இந்தச் சண்டை வந்தது. வண்டலூரில் ஆரம்பித்தது, பொத்தேரி தாண்டியும் ஓயவில்லை. நான் கவாஸ்கர் கட்சி. 125 டெஸ்ட், 10,122 ரன், 34 சதம் என்று அடுக்கினேன். எதிர் சீட்டில் இருந்த நண்பன் (அவன் சேவாக் வெறியன்) போனை எடுத்து ஏதோ தேடிவிட்டு, "ஓப்பனரா இறங்கி 33 தான்டா. உன் கணக்கே தப்பு" என்றான்.

அவன் சொன்னது சரி தான். ஓப்பனராக மட்டும் எடுத்தால் கவாஸ்கருக்கு 9,607 ரன், 33 சதம். அந்த 34ல் ஒன்று நான்காவது ஆட்டக்காரராக இறங்கி அடித்தது. அடித்த இடம் நம்ம சேப்பாக்கம். கணக்கில் விட்டுப்போன அந்த ஒரு சதத்தைப் பற்றித் தான் இதை எழுதுகிறேன். எனக்கு அதை விட மனசில்லை.

1983 டிசம்பர். உலகக் கோப்பையில் தோற்ற கோபத்தோடு வெஸ்ட் இண்டீஸ் இந்தியாவுக்கு வந்து நம்மைப் பிழிந்து எடுத்துக் கொண்டிருந்த நேரம். அந்தத் தொடரில் மார்ஷல் மட்டும் 33 விக்கெட், ஹோல்டிங் 30. அக்டோபரில் டெல்லியில் கவாஸ்கர் தன் 29வது சதத்தை அடித்து பிராட்மேனின் சாதனையைத் தொட்டிருந்தார். அடுத்து ஒன்று அடித்தால் உலகத்திலேயே முதலிடம். ஆனால் கல்கத்தாவில் நடந்த ஐந்தாவது டெஸ்டில் மேட்சின் முதல் பந்திலேயே மார்ஷலிடம் அவுட். இரண்டாவது இன்னிங்ஸில் 20. இந்தியாவுக்கு இன்னிங்ஸ் தோல்வி.

அதற்கு அடுத்த மேட்ச் தான் சென்னை. கவாஸ்கர் ஓப்பனிங் வேண்டாம் என்று நான்காம் இடத்துக்கு இறங்கினார். கெய்க்வாடும் அப்போது புதுப்பையனான சித்துவும் தொடங்கினார்கள். மார்ஷல் பந்தில் கெய்க்வாட் பூஜ்யம், அடுத்து வந்த வெங்சர்க்காரும் பூஜ்யம். ஸ்கோர் 0/2. பெவிலியனில் நிம்மதியாக உட்காரலாம் என்று இருந்த மனிதர் பேடைக் கட்டிக் கொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று. நீ எந்த இடத்தில் வந்தால் என்ன, ஸ்கோர் பூஜ்யம் தானே என்று விவ் ரிச்சர்ட்ஸ் கிண்டல் செய்ததை கவாஸ்கரே சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால் இந்த விவாதத்துக்குத் தீர்ப்பு அந்தக் கிண்டலிலேயே இருக்கிறது.

அன்றைக்கு இறங்கியவர் அவுட்டே ஆகவில்லை. 236 நாட் அவுட். பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றார். கடைசியில் கிர்மானியோடு சேர்ந்து ஒன்பதாவது விக்கெட்டுக்கு 143 ரன், அதுவும் பிரியாத ஜோடி. அப்பாவுக்கு அப்போது 12 வயது, ரேடியோவில் கேட்டிருக்கிறார். அந்த இன்னிங்ஸைப் பற்றி இன்றைக்கும் பி ஷிப்ட் முடிந்து வந்து நடு ராத்திரியில் சாப்பிட்டுக் கொண்டே பேசுவார். அவரிடம் போய் "அது ஓப்பனர் சதம் இல்லையாம்பா" என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை :-)

இங்கே தான் நான் படிக்கும் பி.காம் உதவிக்கு வருகிறது. அக்கவுண்டன்சியில் "சப்ஸ்டன்ஸ் ஓவர் ஃபார்ம்" என்று ஒரு கொள்கை உண்டு. காகிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காதே, உண்மையில் என்ன நடந்தது என்று பார் என்பது தான் அது. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி ஒரு மெஷினை லீஸுக்கு எடுக்கிறது என்று வைத்துக் கொள்வோம். சட்டப்படி மெஷின் வேறு ஒருவருடையது. ஆனால் அதன் ஆயுள் முழுக்க ஓட்டி லாபம் பார்க்கப் போவதும், பழுதானால் அடி வாங்கப் போவதும் இந்தக் கம்பெனி தான். அதனால் கணக்கில் அது இந்தக் கம்பெனியின் சொத்து. அதே போல ஸ்கோர்கார்டில் 4 என்று எழுதியிருந்தாலும், பூஜ்யத்தில், புதுப் பந்தில், மார்ஷலுக்கு எதிராக இறங்கியவர் செய்தது ஓப்பனர் வேலை. என்ட்ரியை ஓப்பனர் கணக்கில் தான் போட வேண்டும்.

இதை ரயிலில் சொன்னதும் நண்பன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்போ டிராவிட்?" என்றான்.

நல்ல அடி. டிராவிட் மூன்றாம் இடத்தில் எத்தனை தடவை முதல் சில ஓவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறார்! என் கொள்கைப்படி அதெல்லாமும் ஓப்பனர் கணக்கில் வர வேண்டுமே? வர வேண்டும் தான். ஒத்துக் கொள்கிறேன். கவாஸ்கருக்கு ஒரு சட்டம், டிராவிட்டுக்கு ஒரு சட்டம் என்று வைத்தால் அது கணக்கு இல்லை, கள்ளக் கணக்கு. இறங்கிய இடத்தை விட்டுவிட்டு, இறங்கும்போது ஸ்கோர் என்ன, பந்து எவ்வளவு பழசு, எதிரில் யார் என்று ஒவ்வொரு இன்னிங்ஸுக்கும் எழுதி வைத்தால் தான் சரியாக இருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. என் கொள்கை 0/2ல் வந்தவருக்குக் கூட்டிக் கொடுக்கிறது என்றால், சுலபமான நாளில் முதலில் இறங்கியவரிடமிருந்து கழிக்கவும் வேண்டும்.

கழிக்க ஆரம்பித்தால் முதலில் மாட்டுவதும் ஒரு மெட்ராஸ் சாதனை தான். 1956 ஜனவரி, சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் (இப்போது நேரு ஸ்டேடியம்). நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு 413 ரன். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட் கூட விழவில்லை. இந்த உலக சாதனை 52 வருஷம் நின்றது. 2006ல் லாகூரில் சேவாக்கும், ஓப்பனராக இறங்கிய டிராவிட்டும் 410 வரை போய் 3 ரன்னில் கோட்டை விட்டார்கள். 2008ல் தான் சிட்டகாங்கில் ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 எடுத்து முறியடித்தார்கள். ஆனால் 1956 ஜனவரியில் நியூசிலாந்து எப்படிப்பட்ட அணி? அதுவரை ஒரு டெஸ்ட் கூட ஜெயிக்காத அணி. அவர்களின் முதல் வெற்றி அதே வருஷம் மார்ச்சில் தான் வந்தது. தவிர, மன்கட் 1 முதல் 11 வரை எல்லா இடத்திலும் பேட் செய்த மனிதர். அவரை ஓப்பனர் என்ற ஒரே டப்பாவில் அடைப்பதே கஷ்டம். சாதனை பெரிசு. ஆனால் அதை வைத்து இருவரையும் உலகின் தலைசிறந்த ஓப்பனர்கள் என்று சொல்ல முடியாது.

(ஒரு சின்ன விஷயம்: ஒரு இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஸ்கோராக இருந்த மன்கட்டின் 231ஐத் தாண்டியது கவாஸ்கரின் இந்த 236 தான். அந்தச் சாதனை மெட்ராஸிலிருந்து மெட்ராஸுக்கே கைமாறியது.)

இப்போது நண்பனின் ஆள். 2008 மார்ச்சில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்கா முதலில் 540 எடுத்தது. சிட்டகாங் சாதனை ஜோடியான அதே ஸ்மித்தும் மெக்கன்சியும் தான் அதிலும் ஓப்பனர்கள். பதிலுக்கு சேவாக் 319. 278 பந்தில் 300ஐத் தொட்டார், டெஸ்டில் அதிவேக முச்சதம். பந்துவீச்சில் ஸ்டெயினும் இருந்தார், நிட்டினியும் இருந்தார். ஆனால் பிட்ச் தார் ரோடு மாதிரி. நான் அதில் கொஞ்சம் கழிப்பேன். நண்பன் முறைப்பான், முறைக்கட்டும்.

அதே வருஷம் டிசம்பரில், அதே மைதானத்தில், அவர் அடித்த 83ஐ மட்டும் தொட மாட்டேன். மும்பைத் தாக்குதல் முடிந்து சில வாரங்கள் தான் ஆகியிருந்தன. இங்கிலாந்து வைத்த இலக்கு 387. நான்காம் நாள் மாலை, கடைசி நாள் சேப்பாக்கம் எப்படித் திரும்பும் என்று எல்லோருக்கும் தெரியும். டிரா செய்தால் போதும் என்று தான் எந்த அணியும் நினைத்திருக்கும். சேவாக் 68 பந்தில் 83 அடித்துவிட்டுப் போனார். அன்று ஆட்டம் முடியும்போது 131/1. மறுநாள் டெண்டுல்கர் சதம், யுவராஜ் 85, இந்தியாவுக்கு ஆறு விக்கெட் வெற்றி. 319 அடித்த மேட்ச் டிரா, 83 அடித்த மேட்ச் வெற்றி. ஓப்பனர் என்பவர் பின்னால் வருபவருக்கு ஆட்டத்தை எந்த நிலையில் ஒப்படைக்கிறார் என்பதை ஆவரேஜ் எந்தப் பத்தியிலும் காட்டுவதில்லை.

ஆனால் இங்கிலாந்து, தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து மூன்றிலும் சேவாக்கின் ஆவரேஜ் 30க்குக் கீழே. பந்து ஆடும் ஊரில் ஓப்பனர் ஆட வேண்டாமா? கவாஸ்கரோ தன் முதல் தொடரையே 1971ல் வெஸ்ட் இண்டீஸில் ஆடி, நான்கே டெஸ்டில் 774 ரன் எடுத்தவர்.

நம்ம ஊர்க்காரர் ஸ்ரீகாந்த்? அப்பாவும் நானும் ஒத்துப் போகாத இடம் இது. டெஸ்ட் ஆவரேஜ் 29.88, இரண்டே சதம். ஒன்று 1986ல் சிட்னியில், இன்னொன்று 1987ல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 123. 1983 உலகக் கோப்பை இறுதியில் ராபர்ட்ஸையும் ஹோல்டிங்கையும் வைத்துக் கொண்டு 38 எடுத்தார். இரு அணியிலும் சேர்த்து அந்த மேட்சின் அதிகபட்ச ஸ்கோர் அது தான். கவாஸ்கர் அன்று 2. அந்த 38 இல்லாவிட்டால் 183 ஏது? இருந்தும் உலகப் பட்டியலில் அவரை வைக்க என்னால் முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் இதற்கு "குட்வில்" என்று பெயர். மதிப்பு உண்டு, தொட்டுக் காட்ட முடியாது. முரளி விஜய் (12 சதம், ஆவரேஜ் 38.28) பட்டியலில் வர மாட்டார் தான். ஆனால் 2014ல் டிரென்ட் பிரிட்ஜில் 146, பிரிஸ்பேனில் 144 என்று வெளிநாட்டில் புதுப் பந்தை விட வேண்டிய இடத்தில் விட்டு ஆடியவரை நம்ம ஊரிலேயே யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

வெளியே பார்த்தால், கிரிக்இன்ஃபோ 2010ல் வெளியிட்ட உலக அணியில் ஓப்பனர்கள் ஹாப்ஸும் ஹட்டனும். கவாஸ்கர் இல்லை. ஹாப்ஸ் மூடாத பிட்சில், மழை நனைத்த மண்ணில் 56.94 வைத்திருந்தவர், அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. பிராட்மேன் தேர்ந்தெடுத்ததாக 2001ல் வெளிவந்த அணியில் பாரி ரிச்சர்ட்ஸ் இருக்கிறார். 508 ரன், ஆவரேஜ் 72.57, ஆனால் ஆடியது நான்கே டெஸ்ட். நிறவெறி அரசால் தென்னாப்பிரிக்கா ஒதுக்கப்பட்டதில் அவர் வாழ்க்கை அதோடு நின்றது. அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை பார்த்தவர்கள் சொல்லலாம். நாலு என்ட்ரியை வைத்து நான் பேலன்ஸ் ஷீட் போட முடியாது.

ஆக என் பட்டியலில் ஹாப்ஸ், கவாஸ்கர் இருவரும் மேலே. ஹட்டன் அடுத்து. சேவாக் அதற்கு அப்புறம், அதுவும் 319க்காக இல்லை, அந்த 83க்காக. இதைக் கேட்ட நண்பன், சேவாக் உள்ளே வந்துவிட்டதால் பாதி சமாதானம் ஆனான். மறைமலை நகரில் இறங்கிப் படியேறும்போது மட்டும், "33 தான்டா" என்று ஒரு தடவை சொல்லிவிட்டுப் போனான்.