பழைய ஜீப்பின் எஃகுச் சக்கரம்

மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் உரிமத்தில் தயாரித்த பழைய ஜீப்புகளின் சக்கரம், தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த எஃகுச் சக்கரம். வழக்கமான அளவு 16 அங்குல ரிம், அதில் 6.00-16 டயர். சென்னை பாடியில் 1960-இல் உருவான வீல்ஸ் இந்தியா இவ்வகைச் சக்கரத் தயாரிப்பில் பெயர்பெற்றது.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கல் பாதையில் எஃகுதான் தோது. கல்லில் அடிபட்டால் அலாய் விரிசல் விடலாம். எஃகு பெரும்பாலும் நெளியும், நெளிந்ததைப் பட்டறையில் பென்ட் எடுத்துவிடலாம். ஸ்டட் துளையைச் சுற்றி விரிசல் கண்டால் மட்டும் வெல்டிங் வைத்து ஒப்பேற்றக் கூடாது. அது பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டிய ரிம்.

பழைய ரிம் வாங்குகிறவர் முதலில் ஸ்டட் வட்டத்தை, அதாவது ஸ்டட் துளைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தை, அளக்க வேண்டும். ஐந்து துளையில் ஒன்றுக்கு நேரெதிரே இன்னொன்று இராது. ஆகவே அடுத்தடுத்த இரு துளைகளின் மைய இடைவெளியை அளந்து 1.7-ஆல் பெருக்குவார்கள். ஜீப்புக்கு இடைவெளி சுமார் 82 மி.மீ.; வட்டம் 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். மாருதி ஜிப்சிக்கும் இதே வட்டம்தான். ஆனாலும் நடுத்துளை, ஆஃப்செட் இரண்டையும் பார்க்காமல் மாட்டக் கூடாது. அழகுக்காக அகல ரிம் போட்டு டயரை வெளியே தள்ளினால் ஸ்டீயரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். மலைக்குக் குறுகலான ரிம்மே போதும்.

அடுத்தது பாலன்ஸிங். ரிம் விளிம்பில் 50 கிராம் கூடுதலாக இருந்தால், 60 கி.மீ. வேகத்தில் அது இரண்டேகால் கிலோ எடைக்குச் சமமான விசையோடு சக்கரத்தை உதறும், நொடிக்கு ஏழெட்டு முறை. வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. மலையேற்றத்தில் தெரியாத இந்த ஆட்டம், இறங்கி உளுந்தூர்பேட்டை வட்டத்துக் களமருதூர்ப் பக்கம் சமவெளிச் சாலையில் வேகம் எடுத்ததும் ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும்.

வெயிட் அடிப்பதற்கு முன் சக்கரத்தைச் சுழலவிட்டு ரிம் கோணலைப் பார்ப்பது முறை. கோணல் ரிம்மில் எத்தனை வெயிட் அடித்தாலும் ஆட்டம் முழுதாக நிற்காது. ரிம்மின் உட்புறம் அப்பிக் காய்ந்த சேறும் வெயிட்தான்; அதைக் கழுவாமல் பாலன்ஸ் பார்ப்பது வீண் செலவு.

சக்கரத்தைக் கழற்றும்போதும் கவனம் வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி கொண்டவை. வழக்கமான திசையில் திருகினால் கழலாது, இன்னும் இறுகும். அந்த ஜீப்பின் இரண்டு துண்டு ரிம்மில், ரிம் போல்ட்டைத் தொடுமுன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும்.